சக்கரம் இறக்க எது சரியான வேகம்? ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், கோர்ஸேர்

மணிக்கு 505 மைல் வேகம் வரை டைவ் அடிக்க (கீழ்நோக்கிப் பாய) அனுமதி உள்ள அமெரிக்கப் போர் விமானம் பி-51டி மஸ்டாங், தரையிறங்கச் சக்கரத்தை இறக்க 170 மைலுக்குக் கீழே வந்தாக வேண்டும். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு அந்த எல்லை 160. இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஒப்பிடுகிறவர்கள் எஞ்சின், துப்பாக்கி, எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும் என்பதையெல்லாம் அலசுவார்கள். சக்கர வேகத்தைத் தொடுவதில்லை. ஒரு விமானத்தை வடிவமைத்தவர்கள் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது இந்த எண்ணில் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

முதலில் இந்த எல்லை எதற்கு என்று பார்க்கலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 160-இல் இறக்க வேண்டிய சக்கரத்தை 200-இல் இறக்கினால் சுமை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கனமான கால் அதைத் தாங்கினாலும், அதை மூடும் தகடு, கதவுக் கீல், பூட்டுக் கொக்கி, எண்ணெய் அழுத்தத்தால் காலை நகர்த்தும் ஹைட்ராலிக் ஜாக் எல்லாம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கால் முந்தி இறங்கி மற்றது பிந்தினால் விமானத்தின் மூக்கு வேறு பக்கவாட்டில் இழுக்கும். இந்த எல்லை வேகமானியில் தெரியும் வேகத்துக்கானது. அந்தக் கருவி அளப்பதே காற்றின் அழுத்தத்தைத்தான் என்பதால், எந்த உயரத்தில் பறந்தாலும் அதே எண்ணைப் பார்த்தால் போதும்.

ஸ்பிட்ஃபயர் முதலில் பறந்தது 1936-இல். இறக்கை மிக மெல்லியது. கால்கள் உடலை ஒட்டிய இடத்தில் கீல் போட்டு, வெளிப்பக்கமாக மடிந்து இறக்கைக்குள் போகும். அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஆறடிகூட இல்லை. தொடக்க கால மார்க் 1 விமானங்களில் ஹைட்ராலிக் பம்ப்பைக் கையால்தான் அடிக்க வேண்டும். வலது கை பம்ப்பில், இடது கை விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கில் என்று கிளம்பிய உடனே விமானம் மேலும் கீழுமாக அலையும். பிறகு எஞ்சினே பம்ப்பை ஓட்டியது. அப்போதும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது: மடிந்த கால்களின் எடை பூட்டு ஊசிகளின் மேல் உட்கார்ந்துகொண்டால் நெம்புகோல் நகராது. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளு, அல்லது விமானத்தைத் தலைகீழாகப் புரட்டு என்று விமானியின் கையேடே வழி சொல்கிறது.

160-க்கு வேகத்தைக் குறைப்பதும் லேசான வேலை இல்லை. வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடுதான் ஃபிளாப்; ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புக்கு இரண்டே நிலைதான்: மேலே, அல்லது முழுதாகக் கீழே. நடுவில் எதுவும் கிடையாது. திராட்டிலை (எஞ்சின் விசையை) குறைத்து, இறுக்கித் திரும்பி வேகத்தைக் கரைக்க வேண்டும்.

மஸ்டாங்கின் அருமை இங்கேதான். சக்கர எல்லை வெறும் பத்து மைல்தான் கூடுதல், அதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதன் ஃபிளாப் படிப்படியாக இறங்கும்: 10 டிகிரி 400 மைல் வரை, 20 டிகிரி 275 வரை, 30 டிகிரி 225 வரை. விமானி ஒவ்வொரு படியாக வேகத்தை இறக்கிக்கொண்டே 170-க்கு நிதானமாக வந்து சேரலாம். உள்பக்கமாக மடியும் கால்கள் என்பதால் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 12 அடி கிடைத்தது. தரையில் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

அமெரிக்கக் கடற்படைக்காக உருவான கோர்ஸேர் வேறு ஜாதி. 13 அடிக்கும் மேல் விட்டமுள்ள புரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க, இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து, அந்த வளைவின் அடியில் குட்டையான, முரட்டுக் கால்களை வைத்தார்கள். கால் பின்பக்கமாக மடியும்போது சக்கரம் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பி இறக்கைக்குள் தட்டையாகப் படுக்கும். ஆகவே இறங்கும்போது கால் காற்றை எதிர்த்து முன்னால் வர வேண்டும். எதிர்காற்றில் குடை விரிப்பது மாதிரியான வேலை. அதைச் செய்யும் பலத்தை ஹைட்ராலிக்கில் வைத்துவிட்டதால், அதே காலை டைவ் பிரேக்காகவும் பயன்படுத்த முடிந்தது. குண்டு போடச் செங்குத்தாகப் பாயும்போது, தனியான கட்டுப்பாட்டால் முன் சக்கரங்களை மட்டும் இறக்குவார்கள். வால் சக்கரம் உள்ளேயே இருக்கும். காலோடு சேர்ந்த பெரிய தகடு காற்றை மறித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். மற்ற இரண்டு விமானங்களிலும் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, சுமத்ராவை ஒட்டி ஜப்பானியர் வசமிருந்த சபாங்கைத் தாக்கிய கடற்படை அணியின் இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த சண்டை விமானங்களும் கோர்ஸேர்கள்தான்.

ஹைட்ராலிக் செத்துப்போனால்? மஸ்டாங்கில் கைப்பிடியை இழுத்து அழுத்தத்தை விடுவித்தால் கால்கள் தம் எடையாலேயே விழும். மூக்கை இடமும் வலமும் ஆட்டினால் பூட்டிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரும் கோர்ஸேரும் காலை அழுத்தத்தால் தள்ளி இறக்கும் கார்பன் டை ஆக்ஸைடு குப்பியை நம்புகின்றன. காற்றை எதிர்த்து வர வேண்டிய கோர்ஸேருக்கு அந்தத் தள்ளல் இல்லாமல் முடியாது.

பொறியியலாகப் பார்த்தால் என் வாக்கு கோர்ஸேருக்கே. இன்று பழைய விமானம் ஒன்றில் பறக்கப் பழகுகிறவருக்கு மஸ்டாங்கைச் சொல்வேன். அவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்றைய பயிற்சி விமானங்களில் வேகமானி நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் இருக்கும், அந்தக் காலத்து மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் கருவிகளில் மைல். மஸ்டாங்கின் 170 மைல் என்பது 148 நாட்தான். அதை 170 நாட் என்று எடுத்துக்கொண்டு சக்கரத்தை இறக்கினால், எண்பது வயதான கதவுக் கீல்களின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை விழும்.