பயன்படுத்திய சக்கர நாற்காலியை விற்பதா, கொடுப்பதா: திருச்சியில் பார்த்த மூன்று இடங்கள்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய மறுநாள்தான், பக்கவாதத்தோடு அவர் இருந்த இரண்டரை ஆண்டுகளில் வாங்கிச் சேர்த்த பொருட்கள் முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கால்மாட்டில் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில் 16,000 ரூபாய், மடக்குச் சக்கர நாற்காலி 8,500, கமோட் நாற்காலி 3,200, காற்று மெத்தையும் அதன் பம்பும் 2,800, வாக்கர் 1,400, நான்கு கால் ஊன்றுகோல் 700 என்று பழைய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் 32,600 ரூபாய் வந்தது. இவற்றைத் தள்ளிவிட மூன்று இடங்களை முயன்று பார்த்தேன். முதல் இரண்டைப் பற்றிச் சுருக்கமாகவும், மூன்றாவதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் பழைய பொருட்களை விற்கும் இணையதளம் ஒன்றில் படங்களோடு விளம்பரம் கொடுத்தேன். நாற்காலிக்கு 4,000 என்றும் கட்டிலுக்கு 8,000 என்றும் விலை குறித்திருந்தேன். இரண்டு வாரங்களில் பதினோரு அழைப்புகள் வந்தன. பேசிய அனைவரும் எப்படியோ சுற்றி வளைத்து ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள்: “இப்ப அவர் எப்படி இருக்கார் சார், நடக்கிறாரா?” காலமாகிவிட்டார் என்று சொன்னதும் எதிர்முனையில் சற்று அமைதி நிலவும், பிறகு வீட்டில் கேட்டுச் சொல்வதாக வைத்துவிடுவார்கள். கட்டிலைப் பார்க்க நேரில் வந்த ஒரே தம்பதியும் அந்தப் பதிலைக் கேட்டபின் காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். இதில் எவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் தாயார் எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காகக் கட்டில் தேடி வருபவருக்கு அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் காரியத்தன்று படுக்கையும் குடையும் செருப்பும் தானமாகக் கைமாறுகிற அதே ஊரில், கட்டில் மட்டும் ஏன் யாருக்கும் ஆகாமல் போகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பன்னிரண்டாவதாக அழைத்தவர் எதுவுமே கேட்கவில்லை. பேரமும் பேசவில்லை. தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்புவதற்காக ஒரு க்யூஆர் படத்தை அனுப்பியிருப்பதாகவும், அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதற்கு என்று என் மகள் குறுக்கே கேட்டதால் தப்பித்தேன். யூபிஐயில் பணத்தை அனுப்பும்போதுதான் அந்த எண் தேவைப்படும், பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இம்மாதிரி விளம்பரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் துக்க வீட்டுக்காரர்கள், கவனம் சிதறியிருப்பவர்கள் என்பது அந்த ஆசாமிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இரண்டாவதாக, நாற்காலி வாங்கிய சர்ஜிகல் கடைக்கே சென்றேன். வாங்கியபோது, தேவை முடிந்தபின் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். ரசீதில் அப்படி எதுவும் இல்லை. கடைக்காரர் நாற்காலியை மடக்கிக்கூடப் பார்க்காமல், ரெக்ஸின் தளர்ந்துவிட்டது, டயர் வெடித்திருக்கிறது என்று சொல்லி 900 ரூபாய் விலை வைத்தார். அவருக்குப் பின்னால் தொங்கிய பலகையில் அதே வகை நாற்காலிக்கு மாத வாடகை 900 ரூபாய் என்று எழுதியிருந்தது. வாடகைக்கு விடுவதும் தொழில்தான், இடவாடகையும் பழுதுச் செலவும் அவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் ஒரு மாத வாடகைக்கு முழு நாற்காலியைக் கொடுத்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை. அடுத்த படி காயலான் கடைதான் என்ற நிலையில், ஸ்ரீரங்கத்தில் மருத்துவ உபகரணங்களை இரவல் கொடுக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்று இருப்பதாக அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டே அறைகள் கொண்ட பழைய ஓட்டு வீட்டில் அது நடக்கிறது. முதல் அறையில் ஒரு மேசை, நீளமான பேரேடு, சுவரோரம் மடக்கி நிறுத்திய வாக்கர்கள். உள்ளறை முழுக்கப் பட்டறை. விற்பனை என்ற பேச்சே அங்கு இல்லை. தேவைப்படுபவர்கள் மருத்துவர் சீட்டையும் ஆதார் நகலையும் கொடுத்து, ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பொருளை எடுத்துச் செல்கிறார்கள். பராமரிப்புக்காக மாதம் 100 ரூபாய். திருப்பிக் கொடுக்கும்போது முன்பணம் அப்படியே திரும்பக் கிடைக்கும். கட்ட முடியாதவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை என்று சொன்னார்கள். நான் அங்கிருந்த அரை மணி நேரத்தில் அப்படி ஒருவர் வாக்கர் வாங்கிச் சென்றதை நேரிலும் பார்த்தேன்.

பழுது பார்ப்பவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் நாற்காலியைச் சோதித்த விதத்தைச் சொன்னால்தான் இந்த இடத்தின் தரம் புரியும். முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின் சக்கரங்களைச் சுழலவிட்டுக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பேரிங் நன்றாக இருப்பதாகச் சொன்னார். முன்பக்கச் சிறு சக்கரங்கள் மட்டும் திக்கித் திக்கிச் சுழன்றன. ஒரு குறட்டால் அச்சின் இடுக்கிலிருந்து கறுப்பாய்ச் சுருண்ட எதையோ இழுத்து வெளியே எடுத்தார். நரைமுடியும் தூசியும், அப்பாவின் வேட்டிக் கரையிலிருந்து பிரிந்த பச்சை நூலும் கயிறுபோல் முறுகிக் கிடந்தன. “எல்லா வீட்டு வண்டியிலேயும் இதுதான் தம்பி. இதை எடுத்தாலே பாதி ரிப்பேர் தீர்ந்துடும்” என்றார். கடைசி ஆறு மாதங்களில் நாற்காலி இழுக்கிறது, பாரமாக இருக்கிறது என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதும், வயதானால் எல்லாமே பாரம்தான் என்று நான் பதில் சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தன.

பிறகு இரண்டு பிரேக்குகளையும் போட்டுப் பார்த்தார். வலது பக்கப் பிரேக்கின் ரப்பர் பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது, இடது பக்கத்தில் இருந்தது வாங்கிய நாள்போலவே இருந்தது. வலது பக்கக் கால்தாங்கியும் இல்லை. “அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்திருச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலைத் தரையில் ஊன்றி இழுத்து நகர வேண்டும் என்பதற்காக, அந்தப் பக்கத்துக் கால்தாங்கியைக் கழற்றச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். அதை நாங்கள் எங்கே வைத்தோம் என்பது அந்த நிமிடம் நினைவில் இல்லை. இணையத்திலும் கடையிலும் விலை கேட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்காத பொருளில், இவர் ஒரு மனிதரின் இரண்டரை ஆண்டுகளைப் படித்துவிட்டார்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது, பொருளைக் கண்டவருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாமல் அளவு பார்த்துக் கொடுப்பதைத்தான். எங்கள் நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம். பெரியவர்களுக்கென்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான். ஒடிசலான பாட்டி ஒருவரை அதில் உட்கார வைத்தால் அவர் ஒரு பக்கம் சரிந்தே உட்காருவார், எடை முழுவதும் ஒரு பக்க இடுப்பெலும்பில் விழுந்து நாளடைவில் படுக்கைப்புண் வரும், சக்கரமும் கைக்கு எட்டாது. ஆகவே உட்காரப்போகிறவரின் இடுப்பகலத்தை அளந்து வரச் சொல்கிறார்கள். வாக்கர் வாங்க வந்தவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குப் பிடியை ஏற்றி, நான்கு கால்களின் ரப்பர் புஷ்களையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். தேய்ந்த புஷ்ஷோடு ஈரமான குளியலறையில் வாக்கரை ஊன்றுவது, மீண்டும் எலும்பு முறிவு வார்டுக்குப் போக நாமே வழி செய்வதுதான்.

அரசு இலவசமாகவே கொடுக்கிறதே, பழையதை யார் வாங்குவார்கள் என்று என் தம்பி கேட்டான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகவும், கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ நிறுவனத்தின் தயாரிப்புகளை வழங்கும் மத்திய அரசின் முகாம்கள் வழியாகவும் நாற்காலிகள் கிடைப்பது உண்மைதான். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்காக 2017இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டமும் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குச் சான்றிதழ், விண்ணப்பம், முகாம் தேதி என்று ஒரு வரிசை உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வரும் வியாழக்கிழமை வீடு திரும்பப்போகிற அம்மாவுக்கு அந்த வரிசை உதவாது. அவருக்கு வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒரு வாக்கரும் கமோட் நாற்காலியும் மட்டுமே. இந்த இடைவெளியில்தான் பழைய உபகரணத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தண்டுவடக் காயம்பட்டு வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கப்போகிற இளைஞருக்கு இம்மாதிரிப் பொது அளவு நாற்காலி நிரந்தரத் தீர்வாகாது. சென்னை ஐஐடியின் ஆய்வில் பிறந்த நியோஃப்ளை போன்று, உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்துத் தரப்படும் நாற்காலிகள் அவர்களுக்குத் தேவை. அறக்கட்டளையிலும் இதையே சொல்லி, அப்படி வருபவர்களுக்குத் தற்காலிகமாக மட்டும் கொடுக்கிறார்கள். பேட்டரி நாற்காலி என்றால் தயங்கித்தான் வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் எட்டு மாதம் சார்ஜ் ஏற்றாமல் பரணில் போட்டு வைத்திருந்த நாற்காலியைக் கொண்டு போனார். அதிலிருந்த இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளும் சார்ஜ் ஏறாத நிலைக்குப் போய்விட்டிருந்தன. கொடுப்பதாக இருந்தால் வருடத் திதிக்குக் காத்திராமல் உடனே கொடுத்துவிடுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் அழைத்தால் நான்கில் ஒரு முறைதான் எடுக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் விடுப்பு எடுக்காமல் எதையும் கொடுக்க முடியாது. கட்டிலை ஏற்றிச் செல்ல அவர்களிடம் வண்டி இல்லை. தில்லை நகரிலிருந்து குட்டியானை வண்டிக்கு 1,200 ரூபாயும், கட்டிலைப் பிரிக்க வந்தவருக்கு 300 ரூபாயும் என் கையிலிருந்துதான் போயின. பேரேடு முழுவதும் கையெழுத்து என்பதால் இப்போது எந்தப் பொருள் இருப்பில் இருக்கிறது என்பது அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் வந்து பக்கம் புரட்டினால்தான் தெரியும். இதை ஒரு குறையாகவே அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, தட்டச்சு தெரிந்த ஆள் இருந்தால் அனுப்புங்கள் என்றார்.

வருமான வரியைக் கருதிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடையாது, ரொக்கமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது. அவர்கள் தந்த ரசீதிலும் பொருட்களின் பட்டியல் மட்டுமே இருந்தது, மதிப்பு எதுவும் எழுதவில்லை. அதுவே சரி.

கொண்டு போவதற்கு முன் துடைக்கும் முறையையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கிருமி போக வேண்டும் என்று நாங்கள் கட்டிலை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவியிருந்தோம், அதனால் வெல்டிங் வைத்த இடமெல்லாம் துருப்பிடித்திருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்தால் போதுமாம். ஸ்பாஞ்ச் மெத்தையை அவர்கள் வாங்குவதே இல்லை, உள்ளே ஊறியதைச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால். எங்கள் காற்று மெத்தையையும் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருப்பதைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு எங்கள் நாற்காலி அளவாகப் பொருந்துகிறதாம், ஆனால் அவருக்கு இரண்டு கால்களும் வலுவில்லை, வலப்பக்கக் கால்தாங்கி இல்லாமல் கொடுக்க முடியாது, கொஞ்சம் தேடிப் பாருங்கள் தம்பி என்றார். அன்று மாலை பரணில் ஏறினேன். பழைய அரிசி டப்பாவுக்குப் பின்னால், அம்மா சுற்றி வைத்திருந்த தினசரித் தாளுக்குள், திருகாணி உட்பட இருந்தது. மறுநாள் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்து ஏறி, ஒன்பதரைக்கெல்லாம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.