திருயாத்திரைக்குச் சென்னையா, வேளாங்கண்ணியா, கோட்டாறா?

மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வருவது மட்டும் போதாது, நம்முடைய விசுவாசம் இந்த மண்ணுக்கு எப்படி வந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகளில் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் ஆறாம் வகுப்பு. நாங்கள் இருப்பது திருச்சியில். மூன்று விடுமுறைகளில் மூன்று பக்கமும் போய்வந்துவிட்டோம். எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

வயதானவர்களை அழைத்துப்போக மூன்றிலும் எளிதானது சென்னை. புனித தோமாவோடு தொடர்புள்ள சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பரங்கிமலைக்குப் படிகள் உண்டு என்றாலும் வண்டி மேலே வரை போகும். இயேசுவின் சீடரான தோமா கி.பி. 52-ல் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார், 72-ல் மயிலைப் பக்கம் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது நம் மரபு. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய கோயில் இருந்த இடத்தில்தான் 1896-ல் இன்றைய பேராலயம் எழுந்தது. கல்லறைச் சிற்றாலயம் கீழே இருக்கிறது. அங்கே அரைமணி நேரம் அமைதியாக உட்கார முடிந்தது. பரங்கிமலைப் பீடத்தில் இருக்கும், 1547-ல் கிடைத்த கற்சிலுவையைக் கட்டாயம் பாருங்கள். அதைச் சுற்றிப் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள் இருக்கின்றன. போர்த்துக்கீசியர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. மகள் அதை விட்டு நகரவே இல்லை. ஆனால் இளையவனுக்கு மூன்று இடமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இடையிடையே நகரத்து நெரிசலில் கதை அறுந்துபோனது.

வேளாங்கண்ணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதாவின் அருள் பெற்ற பால்காரச் சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் என்ற மூன்று கதைகளும் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அங்கே போவது நேர்ச்சை செலுத்தவும் அழுது ஜெபிக்கவும்தான். அதற்கு இணையான இடம் எனக்கு வேறு இல்லை. பிள்ளைகளுக்கு வரலாறு காட்டும் பயணமாக மட்டும் அதை வைக்காதீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போவதைத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் தெற்கே கோட்டாற்றுப் பக்கம். நட்டாலத்தில் தொடங்கித் தூத்துக்குடியில் முடிக்கும் பாதை. இதற்குத்தான் என் ஓட்டு.

காரணம் புனித தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்து, கிறிஸ்தவரானதற்காகச் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டவர். ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் பிறந்த ஊரிலிருந்து கல்லறை வரை ஊர் ஊராகத் தொடர முடிகிறது. நீலகண்ட பிள்ளையாக அவர் 1712-ல் பிறந்த ஊர் நட்டாலம். அங்கிருந்து புலியூர்க்குறிச்சி. பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பிறகு அவருடைய படைத்தளபதியாகவே ஆன டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். அவர் சொல்லித்தான் நீலகண்டர் கிறிஸ்துவை அறிந்தார். அதே ஊரில்தான் முட்டிடிச்சான் பாறை. சங்கிலியில் இழுத்துவரப்பட்ட தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்று சொல்லும் பாறை. இளையவன் குனிந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு, "அவரும் இதைத்தான் குடிச்சாரா அப்பா?" என்று கேட்டான். சென்னையில் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கல ஓசை வரும். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம்.

வடக்கன்குளத்தை விட்டுவிடாதீர்கள். 1745-ல் அவர் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்ற ஊர், அவர் மனைவி ஞானப்பூவின் கல்லறை இருக்கும் ஊர். இன்னொன்றும் உண்டு. சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து பூசை காண, இங்கே கோயிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் சுவர் இருந்தது. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதும் தேவசகாயத்தின்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே அப்படி ஒரு சுவர். பிள்ளைகளிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மகள் வெகுநேரம் பேசாமல் வந்தாள்.

மறுநாள் மணப்பாடு. 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய கடற்கரை, அவர் தங்கி ஜெபித்த குகை, கடலை ஒட்டியிருந்தும் உப்புக் கரிக்காத கிணறு, மேட்டில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும். தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம். 1578-லேயே தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட அன்றிக்கே அடிகளாரை அடக்கம் செய்ததும் தூத்துக்குடியில்தான் என்று சொன்னபோது அம்மாவே ஆச்சரியப்பட்டார்.

குறையும் உண்டு. இந்தப் பாதைக்கு வேன் இல்லாமல் முடியாது, முழுதாக இரண்டு நாள் வேண்டும், செலவு சென்னையைவிட எங்களுக்குக் கூடுதல். பொங்கல் விடுமுறை பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் ஜனவரி 14 தேவசகாயத்தின் நினைவு நாள், காற்றாடிமலையில் கூட்டம் இருக்கும். ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போனால் நின்று பார்க்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மலை ஏறுவது சிரமம். அம்மா அடிவாரத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். மேலிருந்து இறங்கி வந்த இளையவன் பாறையின் ஓசை எப்படி இருந்தது என்று பாட்டிக்கு வாயாலேயே செய்து காட்டினான்.