பேர்தான் கம்மி: ஒரே மிட்டாய், மூன்று கடை

டாலஸ் பக்கம் எந்த பங்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. லைட்டருக்கும் எனர்ஜி ட்ரிங்குக்கும் நடுவே பளபளவென்று ஒரு பை, உள்ளே சர்க்கரை தூவிய ஜெல்லி மிட்டாய். கம்மி என்கிறார்கள். போன வருடம் என் நண்பன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், வைட்டமின் கம்மி டப்பாவை ஒட்டி அப்படி ஒரு பை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவன் அம்மா சாயங்காலம் காபி குடித்துவிட்டு இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "ஏலே, நெஞ்சு படபடன்னு அடிக்கி. சொவரு நகருத மாதிரி இருக்குல" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு சாப்பிட்டார்? இரண்டு என்றோம். இரண்டில் எவ்வளவு? ஒன்றுக்கு 25 மி.கி. என்று பையில் அச்சடித்திருந்தது. பின்பக்கம் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இல்லாத பக்கம் ஒன்று திறந்தது. விடிவதற்குள் அம்மா சரியாகிவிட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளின் பெயர் டிஎச்சி. அமெரிக்காவில் டிஎச்சி மிட்டாய் மூன்று விதமான கடைகளில் கிடைக்கிறது. பங்க்கில் தொங்கும் டெல்டா-8 என்ற வகை ஒன்று. ஹெம்ப் கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் டெல்டா-9 என்ற வகை இன்னொன்று. மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடையான டிஸ்பென்சரியில் கிடைப்பது மூன்றாவது. "எவ்வளவு?" என்று கேட்டால் எந்தக் கடை ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்பதை வைத்தே மூன்றையும் எடை போடுகிறேன். ருசி, பேக்கிங், தள்ளுபடி எல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

0.3 என்ற எண்

ஹெம்ப்பைச் சில தமிழ்ச் செய்திகளில் சணல் என்று போடுகிறார்கள். கோணிப்பை தைக்கும் சணல் வேறு செடி. இது கஞ்சாச் செடியேதான். போதை தரும் டெல்டா-9 டிஎச்சி அதில் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு குறைவு என்பதை 2018 டிசம்பரில் கையெழுத்தான வேளாண் சட்டம் வரையறுத்தது. உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 இல்லையென்றால் அது ஹெம்ப், போதைப்பொருள் பட்டியலில் வராது. தாண்டினால் கஞ்சா.

செடியை மனதில் வைத்து எழுதிய இந்த எண்ணை மிட்டாய்க்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. 4 கிராம் எடையுள்ள ஒரு கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 12 மி.கி. பழக்கமில்லாத ஆளைச் சாய்க்க அது தாராளம். 355 மி.லி. பானக் கேனுக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரம் மி.கி.யைத் தாண்டுகிறது! சர்க்கரையும் ஜெலட்டினும் தண்ணீரும் சேர்த்து எடையைக் கூட்டினால் சதவீதம் தானாக இறங்கும். பாலில் தண்ணீர் கலப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத கணக்கு இது.

இந்த ஓட்டையில்தான் ஹெம்ப் கடைகள் முளைத்தன. அதை மூடும் சட்டமும் வந்துவிட்டது. அரசு முடங்கிக் கிடந்த 43 நாட்களை முடித்துவைத்து 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் உள்ளே ஹெம்ப்புக்குப் புது வரையறை இருக்கிறது. விற்பனைக்கு வரும் ஒரு டப்பாவுக்குள் எல்லா வகை டிஎச்சியும் சேர்த்து 0.4 மி.கி.யைத் தாண்டக் கூடாது. செடிக்கு வெளியே ரசாயன முறையில் செய்தவை ஹெம்ப்பே ஆகாது. கொடுத்த அவகாசம் ஓராண்டு, அதாவது 2026 நவம்பர் 12. இன்று கடையில் இருக்கும் ஒரு 5 மி.கி. கம்மியே முழு டப்பாவுக்கான வரம்பைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. வேடிக்கை என்னவென்றால், 2018-இல் ஹெம்ப்புக்குக் கதவைத் திறந்தவரும் 2025-இல் சாத்தியவரும் ஒரே ஆள்: கென்டக்கி செனட்டர் மிட்ச் மெக்கானல். அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ரேண்ட் பால் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

பங்க் கடை: டெல்டா-8

இதற்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. வாங்காதீர்கள்.

காரணம் கேட்டால்: டெல்டா-8 செடியில் இருப்பது மிகச் சொற்பம். கடைக்கு வருவதெல்லாம் அதே செடியில் இருக்கும் போதை தராத சிபிடியை அமிலத்திலும் கரைப்பானிலும் போட்டு மாற்றி எடுத்தது. 2018-க்குப் பிறகு எல்லோரும் ஹெம்ப் பயிரிட்டு, சிபிடி விலை சரிந்து, மூட்டை மூட்டையாகத் தேங்கியபோது கண்டுபிடித்த வழி இது. வினை முடிந்ததும் நன்றாகச் சுத்தம் செய்யாவிட்டால் அமிலமும் கரைப்பானும் பெயர் தெரியாத துணைப்பொருட்களும் மிச்சம் இருக்கும். மி.கி. கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்பதே சந்தேகம். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை மட்டும் அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக 2,362 அழைப்புகள் வந்ததாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ சொல்கிறது. அதில் 41 சதவீதம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். பிரபல சிப்ஸ், மிட்டாய் உறைகளை அப்படியே காப்பியடித்து விற்ற கம்பெனிகளுக்கு 2023 ஜூலையில் எச்சரிக்கைக் கடிதமும் போனது.

சட்டத்திலும் நிலையான இடம் இல்லை. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் டெல்டா-8 ஹெம்ப்தான் என்றது. நியூயார்க்கும் கொலராடோவும் அதற்கு முன்பே தடை போட்டுவிட்டன. புதிய கூட்டாட்சி வரையறையில் முதலில் விழுவதும் இதுதான். எச்எச்சி, டிஎச்சி-ஓ, டிஎச்சி-பி என்று புதுப்புது எழுத்துகளோடு வருபவையும் இதே குட்டையில் ஊறிய மட்டைகள்.

ஹெம்ப் டெல்டா-9

நல்ல கடையும் மோசமான கடையும் ஒரே போர்டை மாட்டிக்கொண்டு இருப்பது இங்கேதான். எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

மினசோட்டா 2022 ஜூலை 1 முதல் ஒழுங்கு வைத்தது: ஒரு கம்மிக்கு 5 மி.கி., ஒரு பாக்கெட்டுக்கு 50 மி.கி., வாங்குபவருக்கு 21 வயது, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி. அங்கே இருக்கும் என் மச்சான் பீர் வாங்கும் கடையிலேயே இதையும் வாங்குகிறான், அளவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கலிபோர்னியா நேர் எதிர். 2024 செப்டம்பரில் அவசர விதி போட்டு, துளி டிஎச்சி இருந்தாலும் ஹெம்ப் உணவு விற்கக் கூடாது என்றது. எங்கள் டெக்ஸாஸ் ரெண்டுங்கெட்டான். சட்டமன்றம் 2025-இல் முழுத் தடை கொண்டுவந்தது. ஆளுநர் அபட் ஜூன் 22 அன்று அதை ரத்து செய்தார். செப்டம்பரில் 21 வயது வரம்புக்கு ஆணை போட்டார். பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கு இங்கே டிஸ்பென்சரியே கிடையாது என்பதால் ஹெம்ப் கடைதான் கதி.

இப்படிப்பட்ட இடத்தில் உங்களுக்குத் துணை ஆய்வறிக்கை மட்டும்தான். சிஓஏ என்பார்கள். நம்பகமான கம்பெனி என்றால் பாக்கெட்டின் கியூஆர் கோடு நேரே அங்கே போகும். போய்ச் சேர்ந்ததும் நான் முதலில் பார்ப்பது பேட்ச் எண். பையில் உள்ளதும் அறிக்கையில் உள்ளதும் ஒன்றா? போன வருடத்து அறிக்கை ஒன்றையே எல்லா பேட்சுக்கும் மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்தது ஆய்வகத்தின் பெயர். விற்பவரின் சொந்த லேப் என்றால் அங்கேயே மூடிவிடலாம். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரச் சான்று பெற்ற வெளி லேபாக இருக்க வேண்டும்.

பிறகு கணக்கு. அறிக்கையில் டெல்டா-9 0.25 சதவீதம், ஒரு கம்மியின் எடை 4 கிராம் என்று இருந்தால் ஒன்றுக்கு 10 மி.கி. பையிலும் 10 என்று போட்டிருக்கிறதா? ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் விட்டுவிடலாம். பையில் 10, அறிக்கையில் 17 என்றால் திருப்பிக் கொடுங்கள். கடைசியில் பலரும் பார்க்காத பக்கங்கள்: பூச்சிமருந்து, ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், மிச்சக் கரைப்பான், பூஞ்சை. நிறையக் கம்பெனிகள் முதல் பக்கத்தை மட்டும் போட்டுவிட்டு இவற்றை விட்டுவிடும். இல்லாத பக்கம் சோதிக்காத பக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று நிமிட வேலை. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதற்குச் சோம்பல் படக் கூடாது.

இன்னொன்று: உணவில் டிஎச்சி சேர்ப்பதை எஃப்டிஏ இதுவரை ஏற்கவில்லை. ஆகவே "எஃப்டிஏ அங்கீகாரம்" என்று எந்தக் கம்மி பாக்கெட்டாவது சொன்னால் அது பொய்.

டிஸ்பென்சரி

"எவ்வளவு?" என்ற கேள்விக்கு மூன்றில் நல்ல பதில் இங்கேதான். கலிபோர்னியாவில் ஒரு துண்டுக்கு 10 மி.கி., பாக்கெட்டுக்கு 100 மி.கி. என்று வரம்பு. ஒவ்வொரு பேட்சும் உரிமம் பெற்ற லேபில் சோதனை முடிந்துதான் அலமாரிக்கு வரும். வாசலில் அடையாள அட்டை காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். இங்கேயும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. அளவைக் கூட்டிப் போட்ட லேப்கள் நடவடிக்கைக்கு உள்ளானதுண்டு. வரி சேர்ந்து விலையும் கூடுதல். ஆனாலும் பொருளை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

பொருளை மட்டும் பார்க்க முடியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். டிஸ்பென்சரிப் பொருள் மாநிலச் சட்டத்தில் சரி, கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலிலேயே எழுதி வைத்துவிட்டது: மாநிலம் அனுமதித்தாலும், கூட்டாட்சிக் கஞ்சாச் சட்டத்தை மீறுவது குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குக் குறையாகும். கைதாகியிருக்க வேண்டும் என்பதில்லை, வாயால் ஒப்புக்கொண்டாலே சிக்கல். எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர் கலிபோர்னியாக் கடையில் ரசீதோடு வாங்கினாலும் இந்த ஆபத்து அவருக்கு உண்டு. அந்த ரசீது பாதுகாப்பு இல்லை, சாட்சி. ஹெம்ப்புக்கு இந்த இடத்தில் மட்டும் காகிதத்தில் ஒரு சாதகம் இருந்தது, ஏனென்றால் அது கூட்டாட்சிப் பட்டியலுக்கு வெளியே. 0.4 மி.கி. விதி நடைமுறைக்கு வந்தால் அதுவும் போய்விடும். விசாவில் இருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: மூன்று கடையும் வேண்டாம், ஏற்கெனவே வாங்கியவர்கள் படிவம் நிரப்புமுன் வக்கீலைப் பாருங்கள். வேலைக்கான சிறுநீர்ச் சோதனைக்கும் எந்தக் கடை என்று தெரியாது. டெல்டா-8, ஹெம்ப், டிஸ்பென்சரி எல்லாமே அதில் ஒன்றுபோலத்தான் காட்டும்.

ஊருக்குப் போகும் பெட்டியில் வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தியாவின் 1985 என்டிபிஎஸ் போதைப்பொருள் சட்டத்தில் டிஎச்சி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். அமெரிக்காவின் 0.3 சதவீதம் மீனம்பாக்கத்தில் கவசமாகாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு அங்கே உள்ள சட்டத்தைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு

21 தாண்டியவர், குடியுரிமை உள்ளவர், மாநிலம் அனுமதிக்கிறது என்றால்: டிஸ்பென்சரி இருக்கும் ஊரில் டிஸ்பென்சரி, இல்லாத ஊரில் அறிக்கை முழுதாக உள்ள ஹெம்ப் டெல்டா-9, அதுவும் ஒன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாதது. முதல் தடவை அதிலும் பாதி, 2.5 மி.கி. போதும்.

ஏனென்றால் வயிற்றுக்குள் போனது வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றி அனுப்புகிறது. "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்றைப் போடுகிறவர்தான் ராத்திரி முழுக்க அவதிப்படுகிறார். கூடவே மது வேண்டாம், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வீட்டில் வைப்பது தனிக் கவலை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டம் சாப்பிட்டதாக அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு வந்த தகவல் 2017-இல் 207, 2021-இல் 3,054. பெயரில் கம்மி இருந்தாலும் குழந்தைக்கு அது கம்மி இல்லை. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் 1-800-222-1222. எந்த நேரமும் எடுப்பார்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அங்கேயும் முதல் கேள்வி எவ்வளவு என்பதுதான்.

நண்பன் இப்போது பூட்டுப் போட்ட டப்பா ஒன்று வாங்கி அலமாரி உச்சியில் வைத்திருக்கிறான், உள்ளே ஒன்றும் இல்லை. அவன் அம்மா ஊருக்குக் கிளம்பும்வரை வைட்டமின் கம்மியைக்கூடத் தொடவில்லை. சத்துக்கு எள்ளுருண்டை போதும் என்றுவிட்டார்.