பள்ளி திறக்கும் முந்தைய இரவு: திரும்பும் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி எவ்வளவு உதவும்?

சென்னையில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு கோடை விடுமுறைக்கு நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஊருக்குப் போகும் டிக்கெட் அவ்வளவு பெரிய பாடு இல்லை. முழு ஆண்டுத் தேர்வு வகுப்புக்கு வகுப்பு வேறு வேறு நாளில் முடிவதால் கூட்டம் பிரிந்துவிடும். திரும்பி வருவதுதான் சிக்கல். அரசுப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே நாளில் திறக்கின்றன. அதற்கு முந்தைய இரவில் நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எல்லாமே நிரம்பி வழியும். ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி இணையதளத்தின் முன்பதிவை எடைபோட இந்த ஓர் இரவே போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நன்மைதான். முன்பு ஜூன் முதல் வாரத்துக்கான டிக்கெட்டைப் பிப்ரவரித் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியிருந்தது. பள்ளி என்றைக்குத் திறக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இப்போது அது ஏப்ரல் முதல் வாரத்துக்கு வந்திருக்கிறது.

ஆனாலும் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 2025-ல் பள்ளி திறந்தது ஜூன் 2, திங்கட்கிழமை. ஞாயிறு இரவு நெல்லையில் புறப்படும் வண்டிக்கு முன்பதிவு தொடங்கியது ஏப்ரல் 2, காலை 8 மணிக்கு. அந்த ஆண்டு 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை தேர்வு முடிந்ததே ஏப்ரல் 17-ல்தான். 6 முதல் 9 வரை ஏப்ரல் 24. தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும்.

அந்த 60 நாட்களை எண்ணும்போது பயணத் தேதியைச் சேர்க்கக் கூடாது. கணக்கு வண்டி கிளம்பும் நிலையத்தை வைத்து, நாம் ஏறும் ஊரை வைத்து அல்ல. குருவாயூர் எக்ஸ்பிரஸ் குருவாயூரில் இரவு கிளம்பி மறுநாள் பகலில்தான் நெல்லை, மதுரைக்கு வரும். அதில் மதுரையில் ஏறுகிறவருக்கு முன்பதிவு ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். இது தெரியாமல் மறுநாள் காலை முன்பதிவுக்கு உட்காருகிறவர்கள் நிறைய.

முன்பதிவு திறக்கும் நாளன்று காலையில் ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு கையில் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1-லிருந்து, முன்பதிவு திறந்த முதல் 15 நிமிடம் அத்தகைய கணக்குகளுக்கு மட்டும் என்று விதி வந்தது, பிறகு அந்த நேரம் இன்னும் நீண்டது. எல்லோருடைய பெயரையும் வயதையும் தளத்தில் பயணிகள் விவரத்தைச் சேமிக்கும் மாஸ்டர் லிஸ்டில் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை போகலாம். பணம் போய்ச் சேர்ந்த பிறகே பெர்த் ஒதுக்கப்படும் என்பதால், யுபிஐ செயலிக்குப் போய் ஒப்புதல் கொடுத்துத் திரும்புவதற்குள் பச்சையாகத் தெரிந்த இடம் வெயிட்டிங்காக மாறிவிடலாம். ஐஆர்சிடிசியின் இ-வாலட்டில் பணம் போட்டு வைத்திருந்தால் இந்த இடைவெளி குறையும்.

5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமா என்று தளம் கேட்கும். வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். மறுநாள் காலை நேராகப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கோவில்பட்டி, சாத்தூர் போன்ற இடைப்பட்ட ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. வண்டி கிளம்பும் நிலையத்திலிருந்து டிக்கெட் எடுத்து, பதிவு செய்யும்போதே ஏறும் நிலையத்தைக் கோவில்பட்டி என்று குறித்துவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். ஆனால் கிளம்பும் நிலையத்திலிருந்து எடுத்தால் கிடைக்கும் பொது ஒதுக்கீட்டு வெயிட்டிங் நகரும் அளவுக்கு, நடுவில் உள்ள ஊர்களுக்கான இடைநிலைய ஒதுக்கீட்டு வெயிட்டிங் நகராது. குடும்பம் முழுவதையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட் எண்ணில், வைப்பதும் முக்கியம். ஒருவருக்காவது உறுதியானால் அதே டிக்கெட்டில் வெயிட்டிங்கில் இருப்பவர்களும் வண்டியில் ஏறலாம். எல்லோருமே வெயிட்டிங் என்றால் சார்ட் என்ற இறுதிப் பயணிகள் பட்டியல் போட்டதும் இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை, பள்ளித் திறப்பு தள்ளிப்போகும்போது தெரியும். 2023-ல் ஜூன் 1 என்றார்கள், வெயிலால் 7 ஆனது, கடைசியில் 6 முதல் 12 வரை ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14. 2024-ல் ஜூன் 6 என்றது 10-க்குப் போனது. இரண்டு முறையும் இணையத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் அப்போது ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 180 ரூபாயும் வரியும் பிடித்தார்கள். நான்கு பேர் ஸ்லீப்பர் என்றால் 480 ரூபாய் போயிற்று. சேவைக் கட்டணமும் திரும்பாது. கடைசி நேர அவசர முன்பதிவான தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசாவும் வராது.

ஸ்டேஷன் கவுன்டரில் எடுத்த உறுதியான டிக்கெட்டுக்கோ, வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் நேரில் கொடுத்து, ஒரு முறை பயணத் தேதியை மாற்றிக்கொள்ளும் விதி வெகுகாலமாகவே உண்டு. வெயில் கொளுத்தி, திறப்பு தள்ளிப்போகும் என்ற பேச்சு அடிபடும் ஆண்டில் வரிசையில் நின்று கவுன்டர் டிக்கெட் எடுப்பதே புத்திசாலித்தனம்.

கோடைச் சிறப்பு ரயில்களையும் கவனியுங்கள். கட்டணம் அதிகம்தான். அறிவிப்பு தாமதமாக வருவதால் அவற்றில் சில மணி நேரமாவது இடம் கிடைக்கும்.

ஐஆர்சிடிசிக்கு 5-க்கு 3 தரலாம். பள்ளிக் கல்வித் துறைக்கு இதில் பாதிதான். தேர்வு நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் போடுகிறவர்கள், அடுத்த ஆண்டுத் திறப்புத் தேதியை மார்ச் மாதத்திலேயே சொல்லிவிட்டால் ஏப்ரல் 2 காலை 8 மணிக்கு எந்த வண்டியைத் தேடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதுவரை ஞாயிறு இரவை விட்டு வெள்ளி இரவு வண்டியைப் பாருங்கள். சீருடை அளவு, நோட்டுக்கு அட்டை போடுவது என்று அந்தச் சனி, ஞாயிறுக்கு வீட்டில் எப்படியும் வேலை இருக்கும்.