கார் வந்ததை வீட்டுக்குச் சொல்ல எந்த சென்சார்? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

கார் வாசலை நெருங்கும்போதே கேட் திறக்க வேண்டும், ஷெட்டில் விளக்கு எரிய வேண்டும். இதற்கு சென்சார் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அது எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதைத்தான். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கார் வெளியே போய்விட்டதை அது எவ்வளவு உறுதியாகச் சொல்லும்? ஆட்டோமேஷனைப் பொறுத்தவரை ‘இல்லை’ என்ற நிலை ‘இருக்கிறது’ என்று மாறினால் அது வருகை. ஷெட்டில் நிற்கும் காரின் சிக்னல் சில நிமிடம் அறுந்து திரும்பினாலும் அதற்கு வருகைதான். நடுராத்திரியில் கேட் தானாகத் திறந்துகொண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, யாருடைய கார் என்பதும் கார் இடத்தில் நிற்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒரே சென்சார் பதில் சொல்வது அரிது.

ப்ளூடூத் பீக்கன்

காருக்குள் ஒரு பீக்கன் (தன் அடையாளத்தை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி), வாசல் பக்கம் அதைக் கேட்க ஒரு இஎஸ்பி32 (வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு). இஎஸ்பி8266 போர்டில் ப்ளூடூத் கிடையாது என்பதால் அது இங்கே உதவாது. பீக்கனை காயின் பேட்டரியில் ஓட்டுவதா, காரின் சார்ஜர் சாக்கெட்டில் ஓட்டுவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டரியில் ஓடினால் கார் நிற்கும்போதும் சிக்னல் வரும், ‘போய்விட்டது’ தெளிவாக இருக்கும். ஆனால் வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு, சாதாரண சிஆர்2032 காயின் பேட்டரி தாங்கும் 60 டிகிரியைத் தாண்டிவிடும். சீட்டுக்கு அடியில் வைத்தால் சூடு குறையும், கூடவே சிக்னலும் குறையும்.

பலரும் சறுக்கும் இடம் ஸ்கேன் அமைப்பு. இந்த போர்டுகளை இயக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளின் ப்ளூடூத் டிராக்கர் இயல்பாக 320 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 30 மில்லிசெகண்ட் மட்டுமே காது கொடுக்கிறது. அதாவது மொத்த நேரத்தில் 9 சதவீதம்தான். பீக்கன் ஒரு செகண்டுக்கு ஒருமுறை அறிவித்தால், பத்தில் ஒன்றுதான் காதில் விழும். சராசரியாகப் பத்து செகண்ட் தாமதம். கார் மணிக்கு 15 கிலோமீட்டரில் வந்தால்கூட செகண்டுக்கு 4 மீட்டர். பத்து செகண்டில் 40 மீட்டர் கடந்து, மூடிய கேட்டின் முன்னால் நின்றிருக்கும். பீக்கனின் இடைவெளியை 200 மில்லிசெகண்டுக்குக் குறைத்து, ஸ்கேன் விண்டோவை (காது கொடுக்கும் நேரத்தை) ஸ்கேன் இடைவெளிக்குச் சமமாக நெருக்கிக் கொண்டுபோக வேண்டும். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ரேடியோவைப் பங்கு போடுவதால் வைஃபை திணறலாம். ஈத்தர்நெட் கேபிள் போடும் இஎஸ்பி32 போர்டு வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

சிக்னல் அளவுக்கு ஒரே வரம்பு வைக்காதீர்கள். ‘வந்தது’ என்பதற்கு -80 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்), ‘போனது’ என்பதற்கு ஐந்து நிமிடம் எதுவுமே கேட்காமல் இருப்பது என இரண்டு வரம்புகள் வேண்டும். உலோகப் பூச்சுள்ள விண்ட்ஷீல்டு சிக்னலைக் கணிசமாகத் தின்றுவிடும். அப்படிப்பட்ட காரில் பீக்கன் பின்கண்ணாடிப் பக்கம் போகட்டும்.

காரில் ஒரு வைஃபை போர்டு

யூஎஸ்பி சாக்கெட்டில் செருகிய இஎஸ்பி போர்டு, வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் கார் வந்துவிட்டது. எளிமையானது, பேட்டரித் தொல்லை இல்லை. வேகம்தான் பிரச்சினை: நெட்வொர்க்கைத் தேடி, இணைந்து, ஐபி வாங்க சில செகண்டுகள் ஆகும். நிலையான ஐபி கொடுத்து, தேடலைத் தவிர்க்கும் ஃபாஸ்ட் கனெக்ட் அமைப்பை இயக்கினால் குறையும். இஎஸ்பிஹோம் போர்டு 15 நிமிடம் இணைப்பு இல்லாவிட்டால் தானே ரீபூட் ஆகும். வீட்டு போர்டுக்கு அது பாதுகாப்பு. ஊர் சுற்றும் காரிலோ, வாசலுக்கு வரும் அந்த நேரத்தில்தான் ரீபூட் ஆகித் தொலைக்கும். வைஃபை, ஏபிஐ (வீட்டு மென்பொருளோடு போர்டு பேசும் இணைப்பு) இரண்டிலும் ரீபூட் டைம்அவுட்டை பூஜ்யமாக்குங்கள். போர்டுக்குள் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கென்று தனி கெஸ்ட் நெட்வொர்க் நல்லது.

சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும் கார் என்றால், 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்ப் இழுக்கும் போர்டு நாளொன்றுக்கு கார் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்ப்-ஹவருக்கு மேல் எடுக்கும். தினமும் ஓடும் காருக்கு அது பொருட்டில்லை. மூன்று வாரம் நிறுத்திவிட்டுப் போனால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

டயர் பிரஷர் சென்சார்

சக்கரத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் டிபிஎம்எஸ் (டயர் அழுத்தக் கண்காணிப்பு) சென்சார் 433 அல்லது 315 மெகாஹெர்ட்ஸில் தன் அடையாள எண்ணோடு செய்தி அனுப்புகிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) அந்தச் செய்தியைப் பிரித்துப் படிக்கும் ஆர்டிஎல்_433 மென்பொருளும் இருந்தால் படிக்கலாம். காரில் எதையும் மாட்ட வேண்டாம் என்பதால் ஆசை காட்டும் வழி. ஆனால் ஓடும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை போலத்தான் அனுப்பும், வண்டி நின்றதும் அமைதியாகிவிடும். கேட் திறக்க இதை நம்ப முடியாது. வந்த நேரத்தைப் பதிவு செய்ய மட்டும் போதும். ஏபிஎஸ் வழியாக அழுத்தத்தைக் கணக்கிடும் கார்களில் இந்த ரேடியோவே கிடையாது.

காந்தப்புல சென்சார்

பாதையோரம் பிவிசி குழாயில் புதைத்த காந்தமானி, பூமியின் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா புலத்தை காரின் இரும்பு குலைப்பதைக் கவனிக்கும். விளைவு தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், டயர் போகும் தடத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் புதைத்தால்தான் பயன். பக்கத்தில் இரும்பு ஸ்லைடிங் கேட் இருந்தால் அதையே கார் என்று சொல்லிக்கொண்டிருக்கும். எச்எம்சி5883எல் காந்தமானி சிப் என்று விற்கும் போர்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது கியூஎம்சி5883எல்; அதோடு பேசப் பயன்படும் ஐ2சி முகவரியும் ரெஜிஸ்டரும் வேறு. போர்டு பதில் சொல்லவில்லை என்றால் வயரிங்கைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

அல்ட்ராசோனிக்

ஷெட் கூரையிலிருந்து கீழே பார்க்கும் எச்சி-எஸ்ஆர்04; ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து தூரம் அளக்கும் சென்சார். சென்சாரிலிருந்து தரை 2.5 மீட்டர், காரின் கூரை 1 மீட்டர் என்றால் 1.7 மீட்டரில் வரம்பு. சரிந்த விண்ட்ஷீல்டுக்கு நேர்மேலே மாட்டினால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். தட்டையான கூரைக்கு மேலே மாட்டுங்கள். சென்சாரின் எக்கோ பின் (எதிரொலியைச் சொல்லும் இணைப்பு) 5 வோல்ட் தருவதால், 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து 3.3 வோல்ட்டாக்கியே போர்டுக்குக் கொடுக்க வேண்டும். இஎஸ்பிஹோமில் இதன் டைம்அவுட் (எதிரொலிக்குக் காத்திருக்கும் எல்லை) இயல்பாக 2 மீட்டர். தரை அதைவிடக் கீழே இருந்தால் காலி ஷெட்டுக்கு எண்ணே வராது. 4 மீட்டர் என்று மாற்றுங்கள். ஐந்து அளவீடுகளின் மீடியன் (நடு மதிப்பு) எடுத்தால், குறுக்கே ஓடும் பூனையெல்லாம் காராகாது.

எதை எதோடு சேர்ப்பது

இக்னிஷனோடு எரிந்து அணையும் சாக்கெட்டில் பீக்கனோ வைஃபை போர்டோ செருகியிருந்தால், சாவியைத் திருகி அணைத்ததும் வீடு ‘கார் போய்விட்டது’ என்று நினைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கார் வந்துவிட்டது’ என்று கேட்டைத் திறந்து வரவேற்கும். அந்தச் சாக்கெட்டில் ஓடும் வரை வேறு பீக்கன் வாங்கினாலும் இது சரியாகாது. கூரையில் ஒரு அல்ட்ராசோனிக் இருந்தால் சரியாகிவிடும்: பீக்கன் உயிர்பெறும்போது ஷெட் காலியாக இருந்தால் வருகை, கார் நின்றிருந்தால் புறப்பாடு. ஒன்று யார் என்று சொல்கிறது, மற்றது எங்கே என்று சொல்கிறது. என் தேர்வு இந்த ஜோடிதான். காந்தமானி, கூரையில்லாத திறந்தவெளிக்கு மாற்று.

விதியை இப்படி எழுதலாம்: பீக்கன் ‘ஆஃப்’ நிலையிலிருந்து ‘ஆன்’ ஆக வேண்டும், அப்போது ஷெட் குறைந்தது பத்து நிமிடமாகக் காலியாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் எதற்கென்றால், கார் வெளியேறித் தெருமுனையைத் தாண்டும்போது எல்லைக்கோட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும். மறந்த பையை எடுக்க உடனே திரும்புபவர் ரிமோட்டை அழுத்திக்கொள்ளட்டும். டிரிக்கரில் (விதியைத் தொடங்கிவைக்கும் நிபந்தனையில்) ‘ஆன்’ என்று மட்டும் எழுதாமல் ‘ஆஃப்’ இலிருந்து என்றும் எழுதுவது கட்டாயம். ஹோம் அசிஸ்டன்ட் (இந்த விதிகளை ஓட்டும் வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருள்) ரீஸ்டார்ட் ஆனதும் சென்சார்கள் ‘அன்அவெய்லபிள்’ (தொடர்பில்லை) நிலையிலிருந்து ‘ஆன்’ ஆகும். அதை வருகை என்று எடுத்துக்கொண்டால் அப்டேட் செய்யும்போதெல்லாம் கேட் திறக்கும்.

ஐபீக்கன் (ஆப்பிளின் பீக்கன் வடிவம்) செய்திக்குக் குறியாக்கம் கிடையாது. தெருவில் நிற்கும் எவரும் போனில் அதைக் கேட்டு, அப்படியே திருப்பி அனுப்பலாம். விளக்குக்கும் ஏசிக்கும் அது போதும். கேட்டுக்கு வேண்டுமென்றால் பீக்கனோடு ஓட்டுநரின் போன் ஜியோஃபென்ஸுக்குள் (வரைபடத்தில் வீட்டைச் சுற்றிப் போடும் வட்டத்துக்குள்) நுழைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். 100 மீட்டருக்குக் குறைந்த வட்டம் வேண்டாம். வீட்டின் கதவுப் பூட்டை இந்த ஆட்டோமேஷனோடு இணைக்கவே வேண்டாம்.