மாஸ்டர் ஹெல்த் செக்கப்: ஃபயர் சர்வீஸ் ஆட்களுக்கு இது போதுமா? (5க்கு 3)

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கென்று இருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தேன். நான் தீயணைப்புத் துறையில் இருக்கிறேன். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது அங்கே நின்று தண்ணீர் அடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்த ரிவ்யூவை முதலில் எங்கள் ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம், காத்திருக்க வைக்கவில்லை, ரத்தம் எடுத்த பெண்ணுக்கு நல்ல கை, சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. சுகர், கொழுப்பு, கிட்னி, லிவர், ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், மார்பு எக்ஸ்ரே எல்லாம் உண்டு. டிரெட்மில்லைத் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள், அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் அதிகம் பேர் தீயில் சாவதில்லை, மாரடைப்பில்தான் போகிறார்கள்.

குறை எங்கே என்றால், பீடி, சிகரெட், குடி, அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வேலை என்ற இடத்தில் 'அரசு ஊழியர்' என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். நாங்கள் எதைச் சுவாசிக்கிறோம் என்று ஒரு கேள்வி இல்லை. சோபா ஃபோம் எரிந்தால் சயனைடு வரும், பிவிசி வயர் எரிந்தால் அமில வாயு வரும், பழைய குடோன்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சூட்டில் வெடித்துச் சிதறும், அணைத்து முடித்தபின் கிளறும்போதுதான் பலர் மாஸ்க்கைக் கழற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் போதுமான ஆதாரம் இருக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியிருக்க, நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் பிஎஃப்டி டெஸ்ட் இந்தப் பேக்கேஜிலேயே இல்லை! கேட்டு, தனியாகப் பணம் கட்டித்தான் எடுத்தேன். அந்த டெக்னீஷியனைப் பாராட்ட வேண்டும், நான் அரைகுறையாக ஊதியதை ஒத்துக்கொள்ளாமல், மூன்று முறை சரியாக வரும்வரை விடவில்லை. இந்த டெஸ்டுக்கு அதுதான் உயிர். இன்னொன்று, ஒரு தடவை எடுத்து 'நார்மல்' என்று வந்தால் மட்டும் போதாது, போன வருஷ அளவோடு ஒப்பிட வேண்டும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு முன்பே அந்த ஊர்த் தீயணைப்புத் துறை தன் ஆட்களை முறையாக ஊத வைத்து அளவெடுத்து வைத்திருந்தது. அந்தப் பழைய அளவுகள் கையில் இருந்ததால்தான், அந்த இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்ததில், புகைபிடிக்காத வீரர்களுக்குக்கூட முதல் வருஷத்திலேயே மூச்சுத் திறன் சராசரியாக 400 மில்லிலிட்டருக்கு மேல் இறங்கியதைக் காட்ட முடிந்தது. இன்றைக்கும் அவர்களுக்கு அரசுச் செலவில் வருடாந்திரப் பரிசோதனை நடக்கிறது, அந்தத் திட்டத்தை 2090 வரை நீட்டித்திருக்கிறார்கள். நமக்கும் ஒரு முதல் அளவு இருக்கட்டும், அந்தப் பிரிண்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

யூரின் டெஸ்ட் பேக்கேஜில் இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட் விளக்கிய டாக்டர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிறுநீரில் போகிறதா என்பதை நீங்களே கேளுங்கள், சிவப்பணு இருப்பதாகப் போட்டிருந்தால் யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 'கேன்சர் பேக்கேஜ்' என்று, ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளங்களைத் தேடும் டியூமர் மார்க்கர் டெஸ்டுகளை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. அறிகுறி இல்லாதவர்களிடம் புற்றுநோயைத் தேடிப் பிடிக்க அவற்றில் பெரும்பாலானவை உதவாது, வீண் பயமும் மேல் ஸ்கேன் செலவும்தான் மிச்சம்.

தீயணைக்க நாங்கள் அடிக்கும் ஃபோம் நுரையில் இருக்கும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்டேன், இங்கே செய்வதில்லை என்றார்கள். அவை உடம்பில் வருஷக்கணக்கில் தங்கும். ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களை வைத்து நடந்த ஆய்வில், ரத்தமோ பிளாஸ்மாவோ தொடர்ந்து தானம் கொடுத்தவர்களுக்கு அந்த அளவு குறைந்தது, பிளாஸ்மா கொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகக் குறைந்தது.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் எந்த செக்கப்பும் உதவாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஸ்பாட்டிலேயே தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு என்றால் உடனே ஆக்சிஜன் போட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விரலில் மாட்டும் கிளிப் 98 காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள், அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கிளம்பும் முன் மேனேஜரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு ஸ்டேஷனிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பிஎஃப்டி, காது கேட்கும் திறன், தோல் டாக்டர் மூன்றையும் சேர்த்து, டியூமர் மார்க்கர் இல்லாமல் தனி ரேட் போட்டுத் தருகிறேன் என்றார். நாங்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள், ரிடையர் ஆன அண்ணன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.