உர மானியம்: மூட்டைல குடுக்கறதா, அக்கவுண்ட்ல போடறதா?

உர மானியம்னு பேச்சு வந்தாலே "காசை நேரா விவசாயி அக்கவுண்ட்ல போட்டுட்டா போச்சு"ன்னு சொல்றவங்கதான் அதிகம். எந்த விவசாயி அக்கவுண்ட்லன்னு கேட்டா பதில் வராது.

இப்ப நாட்டுல நடக்கறது மூட்டை மானியம், அதாவது விலையிலயே குறைச்சு குடுக்கறது. 45 கிலோ யூரியா 266 ரூபா சொச்சம், 50 கிலோ டிஏபி (மணிச்சத்து உரம்) 1350. 2018லேர்ந்து கடையில கைரேகை வச்சு வாங்கறோம், அதுக்கு டிபிடின்னு பேரு (நேரடி மானியம்னு அர்த்தம்), ஆனா பணம் போறது உரக் கம்பெனிக்கு. இதுல ஒரு நல்லது, பட்டா யார் பேர்ல இருந்தா என்ன, வயல்ல இறங்கறவன் மூட்டைய தூக்கிட்டு வந்துடலாம். கெட்டது, யூரியா இவ்ளோ சல்லிசா கிடைக்கறதால பயிர் கரும்பச்சையா நிக்கணும்னு அள்ளிக் கொட்டறோம், அப்புறம் பூச்சி ஏறுது, காத்தடிச்சா சாயுது, பொட்டாஷ் பக்கம் யாரும் போறதில்ல. பிளைவுட் பசைக்கு வேற யூரியா திருட்டுத்தனமா போகுது, அதத் தடுக்க அது மேல வேப்பெண்ணெய் பூசியும் நின்னபாடில்ல.

ரொக்கமா? 2015ல மத்திய அரசு போட்ட சாந்தகுமார் கமிட்டி ஹெக்டேருக்கு 7000 ரொக்கமா குடுத்துட்டு உர விலைக் கட்டுப்பாட்ட எடுத்துடலாம்னு சொல்லுச்சு. தெலங்கானால 2018ல ரைத்து பந்துங்கற ரொக்கத் திட்டம் வந்தப்ப ஏக்கருக்கு போகத்துக்கு 4000, நிலப் பாஸ்புக் இருக்கற நிலக்காரருக்கு மட்டும், குத்தகைக்காரருக்கு ஒண்ணுமில்ல. நம்ம டெல்டாவுலயும் வாய்ப்பேச்சு குத்தகைதானே எக்கச்சக்கம், இதே கதைதான் ஆகும். இன்னொண்ணு, 2021ல டிஏபி மூட்டை அடக்கமே 2400 ஆனப்ப அரசு மானியத்த 500லேர்ந்து 1200 ஆக்கி விவசாயிக்கு 1200க்கே குடுத்துச்சு, ரொக்கமா இருந்தா அந்த ஏத்தம் முழுக்க நம்ம தலைலதான் விடிஞ்சிருக்கும், பிஎம் கிசான் 6000 விலைவாசி கூட கூட ஏறுச்சா என்ன?

மூணாவது வழி யாரும் கண்டுக்காதது. 2010ல டிஏபி, பொட்டாஷுக்கெல்லாம் சத்துக்கு ஏத்த மானியம்னு மாத்தினாங்க, யூரியாவ மட்டும் வெளிய விட்டாங்க (ஓட்டு பயம், வேற என்ன). அதையும் உள்ள கொண்டுவந்து வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா விலைய ஏத்தி, மிச்சமாகறத பொட்டாஷுக்கு திருப்பிவிடலாம். திட்டு விழும்தான், ஆனா குத்தகைக்காரன் கை விட்டுப் போகாது.

என் ஓட்டு இதுக்குத்தான். ரொக்கம் வேணும்னா முதல்ல குத்தகைய பதிவு பண்ணுங்க, உழுதவன் பேரு அடங்கல்ல (கிராமத்து சாகுபடிக் கணக்குல) ஏறட்டும், அப்புறம் பேசலாம்.